வள்ளம் கீறாத கடல்

என்னோடு ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவர்களே, இது உங்களுக்கென்று எழுதுவது. எங்களுக்கெல்லாம் முழங்காலும் கண்ணும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பழுதாகிற வயது வந்துவிட்டது. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாமென்றால் அவர்கள் பாதியில் எழும்பிப் போய்விடுகிறார்கள். நீங்களாவது இருந்து கேட்பீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழைகள் இருந்தால் திருத்தி வாசியுங்கள். காலையில் விளக்கேற்றித் திருநீறு பூசி, சந்நிதி முருகனை நினைத்துக்கொண்டுதான் பேனையை எடுத்தேன்.

எங்கள் பள்ளிக்கூடம் கடலுக்கும் றோட்டுக்கும் நடுவில் இருந்தது. முன்னொரு காலம் மிசன்காரர் கட்டிய நீளமான மண்டபம். பிறகு அரசாங்கம் எடுத்துவிட்டது. கரைப்பக்கத்துப் பிள்ளைகள் நாங்கள் பாதி, உடுப்பிட்டிப் பக்கத்துத் தோட்டக்காரப் பிள்ளைகள் பாதி. சோளகக் காற்று வீசத் தொடங்கினால் கொப்பியைத் திறக்க முடியாது. வெண்மணல் வந்து பக்கத்தை மூடிவிடும். அப்படியொரு சோளகக் காலத்தில்தான் சித்திர ரீச்சர் வந்து சேர்ந்தா.

மெல்லிய ஆள். வயதும் அதிகமில்லை. வெளிறிய நூல் சேலைகள்தான் உடுப்பா. நெற்றியில் ஒன்றும் இராது. பொட்டும் இல்லை, திருநீறும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் தேவாரம் பாடும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பா, வாய் அசையாது. உடுப்பிட்டியில் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவவாம் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவும் போதுமாயிருந்தது. கிறிஸ்தவ ஆள் என்று முடிவுகட்டி ‘வேதக்கார ரீச்சர்’ என்று ஊர் பேர் வைத்துவிட்டது. எங்கள் வகுப்பில் இருந்த வேதக்காரப் பிள்ளையிடம் நான் கேட்டேன்.

“உவ உங்கடை கோயிலுக்கு வாறவவோ?”

“எங்கடை கோயிலுக்கு வாறேல்லை.”

“அப்ப வேறை வேதமாக்கும்” என்றேன். அதோடு முடிந்தது. ரீச்சரிடம் போய் ஒருவரும் கேட்கவில்லை.

அவவுக்கு முன்னம் இருந்த சித்திர வாத்தியார் மேசையில் தண்ணீர் வைக்கிற ஒரு மண்கூசாவை வைத்துவிட்டு நித்திரை கொள்வார். நாங்கள் வருசம் முழுக்க அந்தக் கூசாவையே படமாய்க் கீறினோம். இவ வந்த முதற் பாடத்திலேயே எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனா.

“கடல் என்ன நிறம்?”

“நீலம்!” என்று எல்லோரும் கத்தினோம்.

“பாராமல் சொல்லுறியள். பாத்திட்டுச் சொல்லுங்கோ.”

பார்த்தோம். நீலமே இல்லை. கரையோரம் மண் கரைத்த நிறம், அதற்கப்பால் பாசி நிறம், இன்னும் தூரத்தில் கறுப்பாக ஒரு கோடு.

“அந்தக் கறுப்பு நீரோட்டம் ரீச்சர்” என்றேன். “அதுக்குள்ளை வள்ளம் போனால் இழுத்துக்கொண்டு போயிடுமெண்டு அப்பா சொல்லுறவர்.”

ரீச்சர் என் பக்கம் திரும்பினா. “அப்ப அந்தக் கோட்டை என்னத்தாலை கீறுவம்?”

“கரியாலை.”

அன்றிலிருந்து நாங்களே நிறம் செய்தோம். சிரட்டைக்கரி, இடித்த செங்கல், மஞ்சள், பூவரசம் இலைச் சாறு, வெள்ளை உடுப்புக்குப் போடுகிற நீலம். எல்லாவற்றையும் முருங்கைப் பிசினில் குழைத்தோம். அந்த மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. அந்த நிறங்களை வைத்திருந்த சிப்பிகள் எங்கே போயினவோ.

பிறகு நாடகம் வந்தது. பள்ளிக்கூடங்களுக்கிடையில் போட்டி, பருத்தித்துறையில் ஒரு மண்டபத்தில். கதையை ரீச்சரே செய்தா. கடலுக்குப் போன புருசன் திரும்பி வராமல், கரையில் காத்திருக்கிற ஒருத்தியின் கதை. மனைவி நான். புருசன் உடுப்பிட்டிப் பெடியன் ஒருவன். அவன் வள்ளத்தில் ஏறியதே இல்லை. துடுப்பைக் கையில் கொடுத்தால் மண்வெட்டி போலக் கொத்துவான்.

“டேய், நீ கடலுக்குப் போறியோ, மிளகாய்க்குப் பாத்தி கட்டப் போறியோ?” என்று எங்கள் பெடியங்கள் கேட்டார்கள்.

“நான் திரும்பி வராத ஆள்தானே, எனக்கென்னத்துக்குத் துடுப்பு வலிக்கத் தெரியவேணும்?” என்றான் அவன்.

முதற் காட்சியில் மனைவி “எங்கை போறியள்?” என்று கேட்பதாக ரீச்சர் எழுதியிருந்தா. நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்று கேட்டா. “கடலுக்குப் போற ஆளை அப்பிடிக் கேக்கிறேல்லை ரீச்சர். சோத்துப்பெட்டியைக் குடுத்திட்டு விலகி நிக்கிறது” என்றேன். உடனே அந்த வரியை வெட்டிவிட்டா. கரைச் சனத்தின் வழக்கம் அவவுக்குத் தெரியாது. தெரியாது என்பதை மறைக்கவும் மாட்டா.

அவவிடம் ஒரு முறை இருந்தது. காட்சி காட்சியாகத்தான் சொல்லித் தருவா. முடிவைக் கடைசிமட்டும் சொல்லமாட்டா. “முடிவு தெரிஞ்சால் முதல் காட்சியிலேயே அழுமூஞ்சியோடை நிப்பியள்” என்பா. அந்த முறைதான் பிறகு வினையாய் முடிந்தது.

மேடைக்குப் பின்னால் கட்ட ஒரு பெரிய சீலை வேண்டியிருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் அந்த வருசம்தான் வள்ளத்துக்குப் புதுப்பாய் கட்டியிருந்தார். பட்டை அவித்த சாயம் ஊறிக் கபில நிறமாயிருந்த பழைய பாயைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். மண்டபம் முழுக்க மீன் மணம்.

“ரீச்சரம்மா, இது கன காலம் கடலைப் பாத்த சீலை. இதிலை கடல் கீறினால் நல்லாய்ப் பிடிக்கும்.”

“திருப்பித் தரவேணுமோ அண்ணை?”

“என்ரை மோளை நல்லாய் ஆட வையுங்கோ, போதும். வீட்டிலை ஆடுறதைத்தான் நாங்கள் காணுறம்.”

நிலத்தில் விரித்து, மண்டியிட்டு, எல்லோருமாய்க் கீறினோம். விடியப்புறக் கடல். கீழே மஞ்சளும் செங்கல்லும், நடுவில் பச்சை, மேலே என் கறுப்புக் கோடு. தோட்டக்காரப் பெடியங்கள் பறவைகளைக் கீறினார்கள், எல்லாம் காகம் மாதிரி. வள்ளம் கீற நான் கரியை எடுத்தபோது ரீச்சர் கையைப் பிடித்தா.

“வள்ளம் வேண்டாம். பாக்கிற சனம் தேடட்டும்.”

கடைசிக் காட்சி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. செய்தி வருகிறது. மனைவி தனியே நிற்கிறாள். பொட்டை அழிக்கிறாள்.

ரீச்சர் தானே செய்து காட்டினா. வலது கை மெல்ல மேலே போனது. நெற்றிக்குக் கிட்ட, தொடாமல், நின்றது.

“கை போகுது. ஆனால் கைக்கு மனமில்லை. அங்கை நிக்கும். பிறகுதான் அழிக்கும்.”

“ரீச்சர், எங்கடை ஊரிலை மற்றப் பொம்பிளையள் வந்தெல்லோ அழிக்கிறது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஓம், தெரியும். அவை வரமுந்தி, தனிய இருக்கேக்கை, ஒருக்கா அந்தக் கை போய் வரும்” என்றா ரீச்சர். சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா. பிள்ளைகள் எங்களுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

அன்று பின்னேரமே அப்பாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போயிருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம். நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை உயர்த்திப் பார்த்தேன். நிற்க வைத்தேன். பிறகு ரீச்சர் சொன்னபடி பொட்டை அழித்தேன். கண்ணாடிக்குள் அம்மாவின் முகம் தெரிந்தது. கையில் விளக்கு.

விளக்கைக் கவனமாக வைத்துவிட்டுத்தான் அடித்தா.

“ஆரடி உனக்கு உதைச் சொல்லித் தந்தது? கொப்பர் கடலிலை நிக்கிறார். வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம்!”

“நாடகம் அம்மா…”

“நாடகமோ! எந்த வீட்டிலையடி உப்பிடி நாடகம் ஆடுறவை?”

உங்களில் கரைப்பக்கத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடலுக்குப் போனவர் திரும்புமட்டும் எங்கள் வீட்டில் பானையைக்கூடக் கவிழ்த்து வைக்கமாட்டோம். அம்மா சிமிழை எடுத்து என் நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்தா.

விடிந்தது. வள்ளங்கள் ஒவ்வொன்றாய் வந்தன. எங்கள் வள்ளம் வரவில்லை.

காற்று இரைந்துகொண்டிருந்தது. அம்மா கரையில் நின்றா, நான் அவவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறிய பிறகு கடைசி வள்ளம் கரை தட்டியது. அதிலிருந்து இறங்கிய பெரியப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மணலைப் பார்த்துச் சொன்னார்.

“பாய் கிழிஞ்சு பறந்ததைக் கண்டனாங்கள் பிள்ளை. கிட்டப் போக ஏலாமல் போச்சுது. பிறகு காணேல்லை.”

அம்மா அழவில்லை. “வருவார்” என்று மட்டும் சொன்னா. வீட்டுக்குப் போய் அப்பாவின் பழஞ்சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தா.

அடுத்த நாளும் வரவில்லை. நான் கண்ணாடிக்கு முன்னால் செய்தது அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நாடகச் சீலை பிசின் காயவென்று பள்ளிக்கூடச் சுவரில் றோட்டுப் பக்கமாய்க் கட்டியிருந்தது. மீன் விற்கப் போகும் பெண்கள் கடகத்தை இறக்கிவிட்டு அதைப் பார்த்தார்கள்.

“உது அவரின்ரை பழைய பாயெல்லோ?”

“ஓமடி. கடல் இருக்கு, வள்ளத்தைக் காணேல்லை. பாத்தியே?”

“வள்ளத்தை விழுங்கின கடலைக் கீறி வைச்சிருக்கிறாள் வேதக்காறி!”

சொல்லிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார்கள், சீலையையல்ல, சீலைக்கு அப்பாலிருந்த கடலை.

திங்கட்கிழமை, அம்மாவின் தமையன், என் மாமா, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமை வாத்தியாரின் அறை வாசலில் நின்றே கத்தினார்.

“இது பள்ளிக்கூடமோ, செத்தவீடோ? புருசன் இருக்கிறவளின்ரை பிள்ளைக்குத் தாலியறுக்கப் படிப்பிக்கிறாவாம் உங்கடை ரீச்சர்!”

தலைமை வாத்தியார் நல்ல மனிதர். ஆனால் சத்தத்துக்குப் பயந்தவர். ரீச்சரைக் கூப்பிட்டார்.

“ரீச்சர், இந்தக் கரையிலை நெடுக இருக்கிறவன் நான். சனம் பொல்லாதது. நாடகத்தை விடுவம். நீங்களும் வேறை இடம் பாக்கிறதுதான் நல்லது. மாற்றம் தரச் சொல்லி நான் கல்விக் கந்தோருக்கு எழுதுறன்.”

ரீச்சர் ஒன்றுதான் கேட்டா. “பிள்ளையின்ரை தகப்பன் வரட்டும் சேர். பிறகு என்னை எங்கையெண்டாலும் அனுப்புங்கோ.”

“தகப்பன் வரவேணுமே!” என்றார் மாமா. சொன்ன பிறகுதான் நான் பக்கத்தில் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது. என் தலையைத் தடவினார். அந்தத் தடவல்தான் எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது.

அன்று பின்னேரம் ரீச்சர் சீலையைத் தானே சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தா. மெல்லிய ஆள், பாரத்தில் சாய்ந்து சாய்ந்து மணலில் நடந்தா. அம்மாவுக்கு முன்னால் இறக்கி வைத்தா.

“அக்கா, உங்கடை வழக்கம் எனக்குத் தெரியாது. கேட்டுப்போட்டுச் செய்திருக்கவேணும்.”

அம்மா அவவின் முகத்தைப் பார்த்தா. வெறும் நெற்றியைப் பார்த்தா.

“உங்களுக்கு எங்கை தெரியப்போகுது? நெத்தியிலை ஒண்டும் வைக்காத சனம் நீங்கள். பொட்டின்ரை அருமை வைச்சவளுக்கெல்லோ தெரியும்.”

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்தினார்கள்.

“ஓம் அக்கா” என்றா ரீச்சர். திரும்பிப் போய்விட்டா.

அந்த ‘ஓம் அக்கா’ இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அப்போது அதை நான் தோல்வி என்று நினைத்தேன்.

நாட்கள் போயின. தேடப் போன வள்ளங்கள் வெறுமனே திரும்பின. சித்தப்பா உடுக்கிற சாரம் கொடியில் காய்ந்தபடியே கிடந்தது, அம்மா அதை எடுக்க விடவில்லை. மாமி மெல்ல வந்து “இனி என்ன செய்யிறது…” என்று தொடங்கினால், “அடுப்பைப் பாருங்கோ மச்சாள்” என்று அனுப்பிவிடுவா. ஒரு காலை, இருட்டு விலக முன்னம் என்னை எழுப்பினா.

“முழுகிப்போட்டு வா. சந்நிதியானிட்டைப் போவம்.”

கரையோரமாகவே தொண்டைமானாறு வரை நடந்தோம். காற்று எங்களைக் கடல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஆற்றில் கால் முகம் கழுவிக்கொண்டு கோயில் வீதிக்கு வந்தோம். பூசை மணி கேட்டது. ஆலமர நிழலில் அன்னதானத்துக்குச் சனம் கூடத் தொடங்கியிருந்தது.

வெளிவீதி மணலில் ஒரு பெண் அடி அழித்துக்கொண்டு வந்தா. தெரியாத பிள்ளைகள் யாரும் இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: ஈரச் சேலையோடு நிலத்தில் விழுந்து கும்பிட்டு, கை எட்டிய இடத்தில் கோடு போட்டு, எழும்பி வந்து அந்தக் கோட்டைக் காலால் அழித்து, அங்கிருந்து மறுபடி விழுந்து கும்பிடுவது. அப்படியே கோயிலைச் சுற்றி வரவேண்டும். பெண்களின் பெரிய நேர்த்தி அது.

அவ எழும்பினபோது முகத்தில் மணல் அப்பியிருந்தது. ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது.

“அம்மா, ரீச்சர்!”

அம்மா நம்பவில்லை. பக்கத்தில் பூத்தட்டோடு நின்ற ஒரு மனுசியிடம் கேட்டா. “உவ வேதக்கார ரீச்சரெல்லோ? இஞ்சை என்ன செய்யிறா?”

“ஆர் உமக்குச் சொன்னது வேதமெண்டு?” என்றாள் அந்த மனுசி. “உது எங்கடை உடுப்பிட்டிப் பிள்ளை. பக்கத்து வீட்டு வளவு. கட்டி வருசம் திரும்பமுந்தி புருசன் செங்கமாரி நோயிலை செத்துப்போயிட்டான். பாவம், அண்டையிலிருந்து முருகனோடை கோவம். திருநீறும் பூசமாட்டாள், கோயில் வாசலும் மிதியாள். தாய் கெஞ்சாத கெஞ்சில்லை.”

“இப்ப ஏன்…?”

“அதைத்தான் நானும் கேட்டனான். ஆரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின்ரை தகப்பன் கடலிலையாம். அந்தாளுக்காக நேர்த்தியாம். தனக்கெண்டு வராதவள், பாருமன்!”

அம்மா அப்படியே நின்றா. பிறகு கையிலிருந்த தேங்காய்ப் பையை என்னிடம் தந்துவிட்டு, கேணிக்குப் போய் நனைந்த சேலையோடு வந்தா. ரீச்சர் அழித்துப் போன கோட்டுக்குப் பின்னால், அந்தச் சுவட்டிலேயே விழுந்தா. முன்னால் ரீச்சர், பின்னால் அம்மா. ரீச்சருக்குத் தெரியாது. வெயில் ஏறி மணல் சுடத் தொடங்கியது. நான் தேங்காய்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீதியோரமாய்க் கூடவே நடந்தேன். “முருகா, அப்பா, முருகா, அப்பா” என்று மாறி மாறிச் சொன்னேன். எது எங்கே தொடங்குகிறதென்று எனக்கே தெரியவில்லை.

வாசலில் முடித்துவிட்டு எழும்பித் திரும்பியபோதுதான் ரீச்சர் அம்மாவைக் கண்டா. இருவரின் முகத்திலும் மணல்.

“பிள்ளை” என்றா அம்மா.

“வருவார் அக்கா.”

அம்மா உள்ளே போய்த் திருநீறு வாங்கிக்கொண்டு வந்து, உள்ளங்கையை அவவுக்கு முன்னால் நீட்டினா. ரீச்சர் அதைப் பார்த்தா. விரலால் தொட்டு எடுத்தா. கை மெல்ல மேலே போனது. நெற்றிக்குக் கிட்ட, தொடாமல், நின்றது.

அதே கை. மண்டபத்தில் எங்களுக்குக் காட்டிய அதே கை. அதை அவ எங்கிருந்தும் யோசித்து எடுக்கவில்லை என்பது எனக்கு அந்தச் சின்ன வயதிலும் விளங்கிவிட்டது. அம்மாவும் பார்த்துக்கொண்டே நின்றா. பிறகு அந்தக் கை நெற்றியைத் தொட்டது. மூன்று குறி. ரீச்சரின் முகம் வேறொருவரின் முகம் போலானது.

ஆலமிலையில் வாங்கிய அன்னத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னா, “நாடகம் நடக்கட்டும் பிள்ளை. நிப்பாட்டினால், அவர் வரமாட்டாரெண்டு நாங்களே சொன்னமாதிரிப் போயிடும்.”

“அழிக்கிற இடம் வேண்டாம் அக்கா. கை நிண்டதோடை திரை விழட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமாவைக் கூப்பிட்டா. “அண்ணை, பள்ளிக்கூடத்திலை நீங்கள் போட்ட சத்தத்தை நீங்களே போய் எடுங்கோ.” மாமா முணுமுணுத்துக்கொண்டு போனார். சீலையையும் அவர்தான் தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கவேண்டி வந்தது. வழியில் கண்டவர்களிடமெல்லாம் “பாரமான சீலை” என்று மட்டும் சொன்னாராம். தலைமை வாத்தியார் நாடகத்துக்குத் தலையை ஆட்டினார். கந்தோருக்கு எழுதியது மட்டும் ஏற்கெனவே போய்விட்டது.

போட்டி நாளிலும் அப்பா வரவில்லை. பருத்தித்துறை மண்டபம் நிரம்பியிருந்தது. அம்மாவும் வந்து சனத்தோடு இருந்தா. எங்கள் சீலையைப் பின்னால் கட்டியதும் மேடை முழுக்க மீன் மணம் பரவியது. முன்வரிசைக்காரர் சிலர் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கு அது அப்பாவின் மணம்.

உடுப்பிட்டிப் பெடியன் அன்று நன்றாகவே துடுப்பு வலித்தான். போகும்போது, ரீச்சர் சொல்லிக் கொடுக்காமலே, ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தான். கடைசிக் காட்சியில் செய்தி வந்தது. நான் தனியே நின்றேன். சீலைப் பக்கம் திரும்பி அந்தக் கடலைப் பார்த்தேன். மஞ்சள், பச்சை, என் கறுப்புக் கோடு. வள்ளம் இல்லை. நாங்கள்தான் கீறவில்லை என்பதை மறந்து, உண்மையாகவே தேடினேன். தேடிக்கொண்டே சனத்தின் பக்கம் திரும்பினேன். கை தானாகப் போனது. நின்றது.

திரை விழவேண்டும். கயிறு பிடிக்கிறவன் அழுதுகொண்டு நின்றதால் விழவில்லை. கை நின்றுகொண்டே இருந்தது. முடிவில் ரீச்சரே ஓடிப் போய்க் கயிற்றை இழுத்தா.

எங்களுக்குப் பரிசு இல்லை. “நடிப்பு நன்று. ஆனால் நாடகத்துக்கு முடிவு இல்லை” என்றார் தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவர். முடிவு எங்களிடமும் இல்லை என்று அவருக்கு யார் சொல்வது?

ஊருக்குத் திரும்பிப் பஸ்ஸால் இறங்கும்போது மாமா றோட்டில் நின்றார். எங்களைக் கண்டதும் ஓடிவந்தார். ஓடி வருகிற மாமாவை நான் அதற்கு முன்னம் கண்டதில்லை. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தா. அவர் வந்து நின்றார், மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் நான் செத்துப் பிழைத்தேன்.

“கோடிக்கரை…” என்றார். “கோடிக்கரையிலை ஏறியிருக்கினம். ரெண்டுபேரும். பருத்தித்துறை வள்ளமொண்டு போய்க் கண்டுகொண்டு வந்திருக்கு. உயிரோடை இருக்கினமடி!”

அம்மா றோட்டிலேயே குந்திவிட்டா. ரீச்சர்தான் தூக்கினா.

அப்பா வந்து சேர இன்னும் சில நாட்கள் சென்றன. பாயும் போய், பாய்மரமும் முறிந்து, காற்று அடித்த பக்கம் போய் இந்தியாவில் கரை சேர்ந்தார்களாம். அந்தக் கரைச் சனம் கஞ்சி ஊற்றி, புதுப் பாய்மரமும் வெட்டிக் கொடுத்து, இந்தப் பக்கம் வந்த வள்ளமொன்றோடு கட்டி அனுப்பினார்களாம். கறுத்து மெலிந்து வந்து முற்றத்தில் நின்றார். முதற் பேச்சே இதுதான்:

“என்னைச் சாகடிச்சு நாடகம் ஆடினனியாம். நான் வரமட்டும் பொறுத்திருந்தால் நானும் பாத்திருப்பனே?”

“வாயைக் கழுவுங்கோ!” என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தா.

தொழிலுக்குப் போகப் பாய் இல்லை. புதுப்பாய் வாங்க அப்போது வழியும் இல்லை. அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய் எங்கள் சீலையை எடுத்து வந்து முற்றத்தில் விரித்தார். கடலைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தார். “காகமெல்லாம் கடலிலை என்ன செய்யுது?” என்று கேட்டார். என் கறுப்புக் கோட்டைக் கண்டதும் நின்றார். “உதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.”

“கழுவிப்போட்டுக் கட்டட்டோ?” என்று கேட்டா அம்மா.

“கழுவாதை. கிடக்கட்டும்.”

அந்தக் கிழமைதான் ரீச்சருக்கு மாற்றம் வந்தது. வன்னிப் பக்கம். தலைமை வாத்தியார் வருத்தப்பட்டார். ஆனால் போன எழுத்தைத் திருப்பி எடுக்க அவருக்குத் தெரியவில்லை. இப்போது நினைக்கிறேன், பெரியவர்கள் எல்லோரும் ரீச்சரைப் பற்றி ஒவ்வொன்று சொன்னார்கள், ஒருவர்கூட அவவை இருத்தி ஒரு வாய் தண்ணீர் கொடுத்துக் கேட்கவில்லை. கேட்கிறதற்கு ஒரு நிமிசம் போதும். எனக்கு இந்த வயதுவரை அதுதான் ஆறாமல் கிடக்கிறது.

பின்னேர பஸ். அம்மா ஒரு ஓலைக் குட்டான் பனங்கட்டியும் சந்நிதித் திருநீறும் கட்டிக்கொண்டு வந்தா.

“நல்லகாலம் சைவமெண்டு தெரிஞ்சுது. இல்லாட்டில் கருவாடெல்லோ கட்டியிருப்பன்.”

ரீச்சர் சிரித்தா. அவ பல்லுத் தெரியச் சிரித்ததை நாங்கள் அன்றுதான் கண்டோம். என் கன்னத்தைத் தொட்டா. “அண்டைக்குக் கை நல்லாய் நிண்டது” என்றா. நெற்றியில் மூன்று குறியும் இருந்தன.

பஸ் கரையோரமாகப் போனது. அதே நேரம் அப்பாவின் வள்ளம் கரையை விட்டுக் கிளம்பியிருந்தது. சோளகம் நிரம்பிப் பாய் விரிந்தது. மஞ்சளும் பச்சையும் கறுப்புக் கோடும் காகங்களுமாய் எங்கள் கடல், அந்தக் கடலின் மேல் எழும்பி நின்றது. கரையில் இருந்த பெண்கள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள்.

நான் பஸ்ஸைப் பார்த்தேன். யன்னலில் ரீச்சரின் கை மேலே போனது. நெற்றிக்குக் கிட்டப் போய் நின்றது. கீழே இறங்கவில்லை. வெயிலை மறைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, கடலைப் பார்த்துக்கொண்டு போனா.

கீறவேண்டாமென்று அவ விட்ட வள்ளம், அந்தப் படத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.